"வா"ன்னா வரச் சொல்றது இல்லை, "என்ன"! - நார்வேக்காரர்கள் கேள்வி கேட்ட கதை

புதுசா ஒரு மொழி கத்துக்கிறவங்களுக்கு முதல்ல தேவைப்படுறது பதில் இல்லைங்க, கேள்வி. உங்க பேர் என்ன, எங்க இருக்கீங்க, இது என்ன விலை, பஸ் எப்ப வரும், ஏன் இப்படி... இந்த அஞ்சாறு கேள்வி கைவசம் இருந்தா எந்த ஊர்லயும் ஒரு வாரத்தை ஓட்டிடலாம். நார்வேஜியன் பாடப்புத்தகங்களும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வா - என்ன. வெம் - யார். வூர் - எங்கே. நோர் - எப்போது. வூர்டன் - எப்படி. வூர்ஃபர் - ஏன்.

"வா ஹேட்டர் டூ?" - உன் பேர் என்ன? அவ்வளவுதான், முதல் பாடம் முடிஞ்சது. நம்ம காதுக்கு யாரோ பக்கத்துல நின்னு "வா"ன்னு கூப்பிடுற மாதிரியே இருக்கும், அதனால மறக்கவும் மறக்காது :-)

இலக்கணமும் சுலபம்தான். ஆமாம்/இல்லை கேள்விக்கு நாம கடைசியில ஒரு "ஆ" போடுவோம்: வந்தான் - வந்தானா? நார்வேக்காரங்க வினைச்சொல்லைத் தூக்கி முன்னாடி வைப்பாங்க. "டூ ஸ்னாக்கர் நொஷ்க்"ன்னா நீ நார்வேஜியன் பேசுறே. "ஸ்னாக்கர் டூ நொஷ்க்?"ன்னா பேசுறியா? ஆங்கிலத்துல கேள்வி கேட்க நடுவுல ஒரு துணை வினையைக் கூட்டிட்டு வரணுமே, அந்தத் தொல்லை இங்க கிடையாது.

சரி, இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு ஒருத்தர் நார்வேயில போய் இறங்குறாருன்னு வச்சுக்கோங்க. ஓஸ்லோவில "வா" பிரச்சினையில்லாம ஓடும். மேற்கே பெர்கன் போனா அங்க "என்ன"வுக்கு "கா". பக்கத்துல சோங்ன் பக்கம் போனா "க்வா". கிழக்கே உள்நாட்டுல சில இடங்கள்ல வெறும் "ஓ". "எப்படி" இன்னும் மோசம். புத்தகத்துல "வூர்டன்", ஓஸ்லோவைச் சுத்தி தெருவில "ஓஸ்ஸன்", ஸ்டவாங்கர்ல "கொஸ்ஸன்", இன்னொரு எழுத்து மொழியில "கூர்லைஸ்". கேள்வியை விடுங்க, "நான்"னு சொல்றதுக்கே யை, ஏக், யே, ஈன்னு ஊருக்கு ஒண்ணு. நடு நார்வேயிலயும் வடக்கேயும் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி ஒரு "ஆஏ", அதுக்கும் "நான்"னுதான் அர்த்தம்.

இதுல எதுங்க சரி? யாரைக் கேட்டாலும் "எல்லாமே சரி"ன்னுதான் பதில் வரும். நார்வேஜியனுக்குச் சட்டப்படி எழுத்து வடிவம் ரெண்டு இருக்கு. பேச்சுக்கு "இதுதான் சரி"ன்னு சட்டம் ஒரு வடிவத்தையும் சொல்லலை. டிவியில செய்தி சொல்றவரும் நாடாளுமன்றத்துல அமைச்சரும் அவங்கவங்க ஊர்ப் பேச்சிலயே பேசலாம். இது ஏதோ பெருந்தன்மையால வந்தது இல்லை. பல தலைமுறைச் சண்டையில வந்தது. அந்தச் சண்டையோட தழும்பு ஒவ்வொரு சின்னக் கேள்வியிலயும் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்

வா, க்வா, கா, ஓ எல்லாம் வேற வேற சொல் இல்லை. வைக்கிங் காலத்துப் பழைய நோர்ஸ் மொழியில "ஹ்வத்"னு ஒரே சொல்தான். கிழக்கே முன்னாடி இருந்த "ஹ" உதிர்ந்து "வா" ஆச்சு. எழுதும்போது மட்டும் அந்த "ஹ"வை இன்னமும் எழுதுறாங்க, யாரும் உச்சரிக்கிறதில்லை. மேற்கே அந்த "ஹ" கெட்டியாகி "க்" ஆச்சு, அதான் "க்வா". அதுல "வ" உதிர்ந்தா "கா". ஆங்கிலத்து "வாட்" கூட இதே குடும்பத்து ஒண்ணுவிட்ட சொந்தம்தான்.

அடுத்து, கடையில கேட்குற கேள்வி: "வா கொஸ்டர் டே?" - இது என்ன விலை? இந்தக் "கொஸ்டர்" நார்வேயோட சொந்தச் சொல் இல்லை. சுமார் 1360-ல ஜெர்மன் ஹன்சா வணிகர்கள் பெர்கன்ல ஒரு பெரிய வணிக நிலையம் போட்டாங்க. வடக்கே இருந்து வர்ற காய்ஞ்ச மீனை வாங்கி, பதிலுக்குத் தானியம் கொடுத்தாங்க. 1754 வரைக்கும் அந்த நிலையம் இருந்துச்சு. கிட்டத்தட்ட நானூறு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து பேரம் பேசுனா சொல் ஒட்டாம இருக்குமா? விலைக்கான "கொஸ்டர்", பணம் கட்டுறதுக்கான "பெத்தாலெ", மலிவுக்கான "பில்லி" எல்லாம் அவங்க பேசுன வட ஜெர்மன் மொழியில இருந்து வந்ததுதான். இதைவிட வேடிக்கை, "ஸ்னாக்கர் டூ நொஷ்க்?"ல வர்ற "ஸ்னாக்கர்" (பேசுறது) கூட அங்கிருந்து வந்த கடன் சொல். நீ நார்வேஜியன் பேசுறியான்னு கேட்குறதுக்கே கடன் வாங்கியிருக்காங்க பாருங்க!

தன் மொழியில் எழுத முடியாத நாடு

1349-ல கறுப்புச் சாவுன்னு சொல்ற கொள்ளைநோய் நார்வேக்கு வந்துச்சு. மக்கள்தொகை பாதிக்கும் கீழே போச்சு. பழைய மொழியில எழுதத் தெரிஞ்ச பாதிரியார்களும் எழுத்தர்களும் கொத்துக் கொத்தா செத்தாங்க. 1380-ல இருந்து டென்மார்க்கோட ஒரே அரசர். 1536-ல தனி நாடுங்கிற அந்தஸ்தும் போச்சு. மதச் சீர்திருத்தத்தோட வந்த பைபிள் டேனிஷ். கோர்ட்டுல டேனிஷ், சர்ச்சுல டேனிஷ். வீட்டுல "க்வா", எழுதும்போது டேனிஷ். 1814 வரைக்கும் இதே நிலைமைதான்.

எழுத்துக்கு ஒண்ணு பேச்சுக்கு ஒண்ணுன்னு வாழ்றது நமக்குப் புதுசு இல்லை. "என்ன செய்துகொண்டிருக்கிறாய்"னு எழுதிட்டு "என்ன பண்ணிட்டிருக்கே"ன்னு பேசுறவங்கதானே நாம. ஆனா நம்ம எழுத்துத் தமிழும் தமிழ்தான். அவங்களுக்கு எழுத்து வேற நாட்டோடது.

1814-ல டென்மார்க் போரில் தோத்ததால நார்வே அதன் கையை விட்டுப் போச்சு. மே 17-ல சொந்த அரசியல் சட்டம் எழுதினாங்க (உடனே ஸ்வீடன் அரசரோட ஒரு கூட்டு, அது 1905 வரைக்கும்). அந்த வருஷம் நவம்பர்ல திருத்துன சட்டத்துல அரசு வேலை "நார்வே மொழியில" நடக்கணும்னு எழுதினாங்க. எந்த மொழியில எழுதினாங்க? டேனிஷ்ல! அப்ப நார்வே மொழின்னா எது? கேள்வி அப்படியே நின்னுச்சு.

வீடு வீடாய்க் கேள்வி கேட்டவர்

இதுக்குப் பதில் தேடிக் கிளம்புனவர் ஈவர் ஓசன். 1813-ல மேற்கே சுன்மோர பகுதியில ஓர்ஸ்தாங்கிற ஊர்ல சின்ன விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். பல்கலைக்கழகம் பக்கம் போனதில்லை. 18 வயசுல கிராமத்து வாத்தியார் வேலை, மத்தபடி எல்லாம் தானாப் படிச்சதுதான். 1841-ல பெர்கன் பிஷப்பைப் பார்க்கப் போறார். கையில ரெண்டு விஷயம்: தான் சேகரிச்ச செடிகள், தன் ஊர்ப் பேச்சுக்குத் தானே எழுதுன இலக்கணம். பிஷப்புக்கு இலக்கணத்தைப் பார்த்து ஆச்சரியம். அதன் மூலமா ட்ரொன்ட்ஹைம் அறிவியல் கழகத்தோட உதவித்தொகை கிடைச்சுது. 1842-ல இருந்து 1846 வரைக்கும் ஊர் ஊராப் பயணம்.

வேலை என்னன்னு கேட்டீங்கன்னா, கேள்வி கேட்குறதுதான். இதை உங்க ஊர்ல என்ன சொல்வீங்க, அதை எப்படிச் சொல்வீங்க. பட்டணத்து மேதாவிகள் "பட்டிக்காட்டுப் பேச்சு"ன்னு ஒதுக்குனதை இவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1848-ல மக்கள் மொழிக்கு இலக்கணம், 1850-ல சுமார் 25,000 சொல் உள்ள அகராதி. எல்லா வட்டார வழக்குக்கும் அடியில ஒரே மொழி ஓடுதுன்னு காட்டினார். அதை வச்சு 1853-ல ஒரு புது எழுத்து மொழிக்கு மாதிரி வெளியிட்டார். பேர் லான்ட்ஸ்மோல். இன்னைக்கு அதுக்குப் பேர் நீநொஷ்க், அதாவது புது நார்வேஜியன்.

ஜெர்மன் வாடை அடிக்குற சொற்களை முடிஞ்ச வரைக்கும் ஒதுக்கினார். "எப்படி"ங்கிற வூர்டன்ல வர்ற "டன்" வட ஜெர்மன் சரக்கு. நீநொஷ்க்ல இருக்குற "கூர்லைஸ்"ல வர்ற "லைஸ்" உள்ளூர்ச் சொல், "வழி"ங்கிறதுல இருந்து வந்தது. எந்த வழியில்? - எப்படி? எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.

இவருக்கு ஒரு வருஷம் மூத்தவர் க்னூட் க்னூட்சன்னு ஒரு பள்ளி ஆசிரியர். அவர் யோசனை வேற மாதிரி. டேனிஷைத் தூக்கி எறிய வேணாம், படிச்சவங்க பேசுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா எழுத்தை மாத்துவோம்னார். அந்த வழியில வளர்ந்ததுதான் இன்னைக்குப் பெரும்பாலானவங்க எழுதுற பூக்மோல், அதாவது புத்தக மொழி. 1907 சீர்திருத்தத்துல டேனிஷ் "பூக்" எழுத்தில "க்" கெட்டியாச்சு, சோறுக்கான சொல்லில "த்" கெட்டியாச்சு. பேசுற மாதிரியே எழுத்து.

1885 மே 12-ல நாடாளுமன்றம் ரெண்டு எழுத்து மொழிக்கும் சம அந்தஸ்து கொடுத்துச்சு. நாடு ஒண்ணு, எழுத்து ரெண்டு. அப்புறம் ரெண்டையும் நெருக்கி ஒண்ணாக்கிடலாம்னு அரசாங்கத்துக்கு ஆசை வந்துச்சு. அந்தக் கனவு மொழிக்குப் பேர் சம்நொஷ்க். 1917, 1938 சீர்திருத்தங்கள் இந்தத் திசையில போச்சு. 1950-கள்ல ஓஸ்லோப் பெற்றோர்கள் கொதிச்சுப் போனாங்க. பிள்ளைங்க பாடப்புத்தகத்துல இருந்த சொற்களைப் பேனாவால அடிச்சுத் திருத்துனாங்க. 4 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்குனாங்க (அப்ப நாட்டோட மொத்த மக்கள்தொகையே முப்பது லட்சத்துச் சொச்சம்). கடைசியில 2002-ல அரசாங்கம் அந்தக் கனவை அதிகாரப்பூர்வமா கைவிட்டுச்சு. ஒரு மொழியை ஆணை போட்டு ஒட்ட வைக்க முடியாதுன்னு புரிய இத்தனை வருஷம்.

1878-ம் 1880-ம்

இந்த வரலாற்றுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு வருஷம்.

1878-ல நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போடுது. பள்ளிக்கூடத்துல முடிஞ்ச வரைக்கும் குழந்தைகளோட சொந்தப் பேச்சு மொழியிலயே பாடம் நடக்கணும். "கா"ன்னு கேட்குற பையனை "வா"ன்னு கேளுடான்னு திருத்தக் கூடாது. பேச்சைப் பத்தின இந்த விதி பின்னால சட்டமாவும் ஆகி இன்னைக்கு வரைக்கும் நிலைச்சிருக்கு. படிக்கப் படிக்க சந்தோஷமா இருக்கும்.

சரியா ரெண்டு வருஷம். 1880-ல வட நார்வேப் பள்ளிகளுக்கு ஒரு ஆணை. சாமி இனக் குழந்தைகளும், ஃபின்னிஷ் வழி மொழி பேசுற குவேன் குழந்தைகளும் கட்டாயம் நார்வேஜியன் பேசவும் படிக்கவும் எழுதவும் கத்துக்கணும். 1898-ல இன்னும் இறுக்கினாங்க. நார்வேஜியமயமாக்கல்னு இதுக்குப் பேர். ஒரு சாமிக் குழந்தை "மீ து நம்ம லேஆ?"ன்னு தன் மொழியில "உன் பேர் என்ன"ன்னு கேட்க வகுப்புல இடம் இல்லாமப் போச்சு. தலைமுறை தலைமுறையா பெற்றோர்கள் பிள்ளைங்ககிட்ட சொந்த மொழியில பேசுறதையே நிறுத்துனாங்க.

அடுத்தவன் மொழியில நானூறு வருஷம் எழுதி வலி தெரிஞ்ச ஒரு நாடு. தன் விவசாயி மகனுக்குக் கொடுத்த உரிமையை, பக்கத்து வீட்டுச் சாமி மகனுக்குக் கொடுக்கலை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023-ல அறிக்கை கொடுத்துச்சு. 2024 நவம்பர் 12-ல நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டுச்சு. கணக்குப் போட்டா 144 வருஷம். மொழிப் பற்று பேசுற நாம எல்லாரும் இந்த ரெண்டு வருஷத்தையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும்னு நினைக்கிறேன். என் மொழிக்குக் கேட்குறதை அடுத்தவன் மொழிக்கும் கொடுக்கிறேனா? இதுவும் ஒரு எளிய கேள்விதான், பதில்தான் கஷ்டம்.

நீயா, நீங்களா?

கொஞ்சம் லேசான விஷயத்துக்கு வருவோம். நார்வேஜியன் கத்துக்கிற நம்மாளுக்கு முதல் அதிர்ச்சி "டூ". அது "நீ" (உச்சரிப்பு நம்ம காதுக்கு "தூ"ன்னு விழும், அது வேற சங்கடம்). டாக்டரும் டூ, மேனேஜரும் டூ, எண்பது வயசுப் பாட்டியும் டூ. கூடவே பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். சார் கிடையாது, அண்ணே கிடையாது, அக்கா கிடையாது. வாத்தியாரைப் பார்த்து "உனக்கு நேரம் இருக்கா"ன்னு கேட்க நாக்கு எழும்புமா?

இதுவும் எப்பவும் இப்படி இருந்ததில்லை. "டீ"ன்னு ஒரு மரியாதைச் சொல் இருந்துச்சு, நம்ம "நீங்க" மாதிரி. ஜெர்மன் பாணியில டேனிஷ் வழியா வந்தது. 1960-கள், 70-கள்ல சமத்துவ அலையில அது கரைஞ்சு போச்சு. இன்னைக்கு அரசரைப் பார்த்தா உபயோகப்படலாம். மத்தவங்ககிட்ட சொன்னா "என்ன இவன் விலகி நிக்கிறான்"னு நினைச்சுப்பாங்க.

"தயவுசெய்து"ங்கிறதுக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டுக்குற மாதிரி ஒரு சின்னச் சொல்லும் இல்லை. கேள்வியையே பணிவா ஆக்கிடுவாங்க. "கான் யை ஃபோ என் கொப் காஃபெ?" - ஒரு கப் காபி எனக்குக் கிடைக்குமா? யோசிச்சா நம்ம ஊர்லயும் அப்படித்தானே. "ஒரு காபி கிடைக்குமா"ன்னு கேட்குறோமே தவிர தயவுசெய்து காபி கொடுங்கள்னு எந்த டீக்கடையில சொல்றோம்?

விலை கேட்டா பதில் எண்ணுல வரும். அங்கயும் ஒரு வரலாறு காத்திருக்கு. பழைய முறையில 52-க்கு "ரெண்டும் ஐம்பதும்"னு தலைகீழாச் சொல்வாங்க. தொலைபேசித் துறைக்கு இது பெரிய தலைவலி. ஓஸ்லோவில ஆறு இலக்க எண் வர்ற நேரத்துல, தலைகீழாக் கேட்டா தப்பா விழும். அவங்க கொடுத்த யோசனையில நாடாளுமன்றம் முடிவெடுத்து, 1951 ஜூலை 1-ல இருந்து நம்ம ஐம்பத்திரண்டு மாதிரி "ஃபெம்டி-டூ"ன்னு ஆச்சு. பள்ளியிலயும் வானொலியிலயும் மாத்திட்டாங்க, வீட்டுல மாத்த முடியலை. எழுபது வருஷம் தாண்டியும் பழைய முறை காதுல விழும். கேள்வி உங்களுடையது, பதில் எந்த நூற்றாண்டுல இருந்து வரும்னு சொல்ல முடியாது :-)

கா டூ ஹேட்டே?

தமிழர்களுக்கும் இந்தக் கதையில ஒரு இடம் இருக்கு. யாழ்ப்பாணத்துல இருந்து அந்தோனி ராஜேந்திரம் 1956-ல நார்வே போய்ச் சேர்ந்தார். அவர் முயற்சியில 1967-ல யாழ்ப்பாணத்துல சீநோர்ங்கிற மீன்பிடித் தொழில் திட்டம் உருவாச்சு. அந்தத் தொடர்பு வழியா பின்னால இளைஞர்கள் நார்வேயோட மக்கள் கல்லூரிகளுக்குப் போனாங்க. பரீட்சையே இல்லாத பள்ளிகள் அவை. முதல் பள்ளி 1864-ல ஹாமார்ல ஆரம்பிச்சது. ஓசனோட நாட்டுப்புற மொழிக்கு ஆதரவு திரட்டுன இயக்கத்துல இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கையில போர் மூண்ட 1980-கள்ல வந்தவங்க பலர் அப்புறம் வடகோடி ஃபின்மார்க் கடற்கரைக்கு, மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைக்குப் போனாங்க.

அங்க என்ன ஆகும்? புத்தகம் சொல்லிக் கொடுத்தது "வா ஹேட்டர் டூ?" கேள்வின்னா வினைச்சொல் முன்னாடி வரணும்ங்கிறது இலக்கணத்தோட முதல் விதி. வடக்கே கேட்குறது "கா டூ ஹேட்டே?" வினைச்சொல் பின்னாடி நிக்குது! "நீ எங்க இருக்கே"ன்னு கேட்க "கூர் டூ பூர்?" என்ன, யார், எங்கே மாதிரி ஓரசைக் கேள்விச் சொல் வந்தா அங்க விதி தளர்ந்துடும், ஏன், எப்படி மாதிரி நீளச் சொல்லுக்குத் தளராது. மொழியியல் ஆய்வாளர்கள் இதை ட்ரொம்ஸோவில உட்கார்ந்து விரிவா ஆராய்ஞ்சிருக்காங்க. நம்ம ஆளுங்க மீன் வெட்டுற மேசையில காதால புரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு.

இந்தக் கேள்விகளோட பயணம் எங்க போய் நின்னுச்சுன்னா, யாழ்ப்பாணத்துல பிறந்து மூணு வயசுல நார்வே போன கம்சாயினி குணரத்தினம் 2015-ல ஓஸ்லோ துணை மேயர் ஆனார். 2021-ல நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அமைச்சர்களை உறுப்பினர்கள் கேள்வி கேட்குற நேரம் அங்கயும் உண்டு. அதுக்குப் பேரே "கேள்வி மணி"தான்.

நார்வேஜியன் கத்துக்கிறவங்க பலருக்கு ஒரு பயம் இருக்கும். நாம பேசுறது தப்போ, சரியான வடிவம் வேறயோன்னு. 2005-ல இருந்து அங்க குடியேறுறவங்க பலருக்கு மொழி வகுப்பு கட்டாயம், அதனால இந்தப் பயம் பொழுதுபோக்குக்காரங்களோட நிக்கிறதில்லை. வேலை, குடியுரிமை எல்லாம் இதோட கட்டியிருக்கு. அவங்களுக்கு இந்த வரலாறு ஒரு தைரியம் கொடுக்கும்னு தோணுது. அந்த நாட்டோட எழுத்து மொழியில ஒண்ணு, படிக்காத ஒரு விவசாயி மகன் ஊர் ஊராப் போய் "இதை என்ன சொல்வீங்க"ன்னு கேட்டு உருவாக்குனது. உடைஞ்ச உச்சரிப்போட கடைக்காரர்கிட்ட அதே கேள்வியைக் கேட்குற ஒவ்வொருத்தரும் அவர் செஞ்ச வேலையைத்தான் செய்றாங்க.

அதனால வா, கா, க்வா எது வேணா சொல்லுங்க. கேட்டுருங்க.

கொசுறு: "இல்லை" வர்ற கேள்விக்குப் பதில் சொல்ல நார்வேஜியன்ல தனியா ஒரு சொல் இருக்கு. "சாப்பிடலையா?"ன்னு கேட்டா "ஆமாம்"னு சொன்னா சாப்பிடலைன்னு அர்த்தமா, சாப்பிட்டேன்னு அர்த்தமான்னு நாம குழம்புவோம். அவங்க "யூ"ன்னு சொல்வாங்க. "அதெல்லாம் சாப்பிட்டாச்சு"ன்னு ஒரே அசையில முடிஞ்சது. நம்ம வட்டார வழக்குல இதுக்கு ஈடா ஏதாவது ஒத்தைச் சொல் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் எதுன்னாலும் சரி, குறிச்சு வச்சுக்கிறேன். ஓசன் ஆரம்பிச்சதும் இப்படித்தானே!